அரிசிப் பெட்டிக்குள் ஒளித்த போத்தல்

அன்புள்ள மகளுக்கு,

நீ கோபித்துக்கொண்டு பஸ் ஏறிப் போய் இன்றைக்கு நான்காம் நாள். போனில் பேசியிருக்கலாம்தான். ஆனால் போனில் நான் சுற்றி வளைப்பேன், நீ "சரிம்மா, வேலை இருக்கு" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க உனக்கு மனம் வராது. அதனால் மத்தியானச் சமையலை முடித்து, உன் அப்பாவைத் தோட்டத்தில் முட்டைக்கோவாப் பாத்திப் பக்கம் அனுப்பிவிட்டு, உன் பழைய பள்ளிக்கூடக் கொப்பியில் மிச்சமிருந்த தாள்களைக் கிழித்து எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். இதில் நல்ல சேதியும் இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதை நீ படிக்கமாட்டாய். உன்னைப் பெற்றவளுக்கு அது தெரியாதா?

சனிக்கிழமை நீ வந்தபோது பூண்டுலோயாவில் நல்ல மழை. குடையைக்கூட மடக்காமல் வாசலில் நின்றுகொண்டே பையைத் திறந்து அந்தப் போத்தலை எடுத்துக் காட்டினாய். துவாயில் சுற்றி இரண்டு கண்ணாடிக் கிளாஸும் கொண்டு வந்திருந்தாய். சார்டனே என்று பேர் சொன்னாய். பெரிய விலை இல்லை, அந்த ஊர்களில் சாதாரண ஆட்கள் சாப்பாட்டோடு குடிக்கிறதுதான், ஆனால் ஓக் மரப் பீப்பாயில் போட்டு வைத்தது என்றாய். அடுத்த மாதம் ஹோட்டலில் சோதனை. அதில் பாஸானால் இப்போது போல மற்றவர் பின்னால் ஐஸ் வாளி தூக்கிக்கொண்டு நடக்காமல், நீயே மேசைக்கு மேசை போய் எந்த வைன் எப்படி இருக்கும் என்று சொல்லிப் பரிமாறலாம். ருசியைச் சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டுமாம். "புத்தகத்துல உள்ள பழமெல்லாம் நான் கண்ணால கூடப் பாக்காத பழம்மா. உங்க நாக்கு எனக்குத் தெரியும். நீங்க குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க" என்றாய். அதைக் கேட்டபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று அன்றைக்கு நான் காட்டிக்கொள்ளவில்லை. இப்போது சொல்கிறேன்.

உன் அப்பா அந்தப் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூடியைத் திருகித் திறந்ததும் அவருக்கு ஏமாற்றம். "தக்கை இல்லியா? சோடாப் போத்தல் மாதிரில்ல இருக்கு" என்றார். நான் தேயிலைப் பெக்டரி வேலையில் இருந்து நின்றபோது கொண்டு வந்த விளிம்பு உடைந்த வெள்ளைக் கோப்பையை எடுத்து அதில் ஊற்றச் சொன்னேன். வெள்ளையில்தானே நிறம் தெரியும்? நீ சிரித்தாய், ஆனாலும் ஊற்றினாய்; கிளாஸ் இரண்டிலும் உனக்கும் அப்பாவுக்கும் ஊற்றினாய். இரண்டாம் தண்ணீர் ஊற்றிய தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. தேயிலையை எப்படி உறிஞ்சுவோமோ அப்படியே, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற சத்தத்தோடு உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, தொட்டியில் துப்பினேன். துப்பின கையோடு தீர்ப்பும் சொல்லிவிட்டேன். "மரவாடை. கெட்டுப் போச்சு. ஒன்னய ஏமாத்திட்டாங்க. கடையில திருப்பிக் குடு."

நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "அதுதாம்மா ஓக்கு! அந்த வாசத்துக்காகத்தான் பீப்பாயில போட்டு வைக்கிறாங்க. அது குத்தமில்ல, வேணும்னே வர வைக்கிறது" என்றாய். நான் நம்பவில்லை. பதினாறு வருஷம் ருசி பார்க்கும் அறையில் நின்றவளிடம் மரவாடையை நல்லது என்றால் எப்படி நம்புவாள்? நீ விளக்க விளக்க நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். அந்த வாடை எனக்கு ஏன் அவ்வளவு ஆகாது என்பதைப் பிறகு சொல்கிறேன். இதுவரை யாரிடமும் சொல்லாத விஷயம் அது.

அந்த நேரத்தில்தான் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. எட்டிப் பார்த்தால் கந்தப்பளையில் இருந்து உன் மாமியாராகப் போகிறவர், கையில் கல்யாணக் கார்டின் மாதிரியோடு இறங்குகிறார். அந்த இரண்டு நிமிஷத்தை இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பும் வெட்கமுமாக வருகிறது. உன் அப்பா தன் கிளாஸையும் உன் கிளாஸையும் ஒரே மூச்சில் குடித்து முடித்தார். கோப்பையில் இருந்ததை நான் தொட்டியில் கொட்டினேன். போத்தலை அரிசிப் பெட்டிக்குள் கழுத்துவரை புதைத்து மூடியைப் போட்டேன். நீ மட்டும் அசையாமல் நின்றாய். "ஏம்மா ஒளிக்கிறீங்க?" என்று கேட்டாய். "வாய மூடு புள்ள" என்றேன். உன்னிடம் அன்றைக்கு நான் செய்த முதல் பிழை அது.

சம்பந்தியம்மாவை உனக்குத் தெரியும். அதிகம் பேசமாட்டார், பேசினால் நேரே பேசுவார். அவர் வீட்டுக்காரர் குடித்தே குடலை அழித்துக்கொண்டு போனவர். இரண்டு பிள்ளைகளை அவர் தனியாளாகக் கொழுந்து பறித்து வளர்த்தார். ஒருவனை வாத்தியாராகவும் ஆக்கினார். அந்த வாத்தியாரைத்தான் நீ கட்டப் போகிறாய். அப்படிப்பட்டவரிடம் போய் என் மகள் வைன் ஊற்றிக் கொடுக்கிறாள் என்று எப்படிச் சொல்வது? பெண் பேசிய நாளில் இருந்தே இந்தப் பயம் எனக்குள் இருந்தது. ஹோட்டலில் வேலை என்பதோடு பேச்சை மாற்றிக்கொண்டே வந்தேன். மாப்பிள்ளைக்குத் தெரியும் என்று நீ சொல்லியிருந்தாய். "ரெண்டு அம்மாவும் பேசிக்கட்டும்னு அவர் இருக்காரு" என்றும் சொல்லியிருந்தாய். நான்தான் நாளைக் கடத்தினேன்.

அவர் உட்கார்ந்ததும் கார்டை என் கையில் கொடுத்தார். மாப்பிள்ளை பேருக்குக் கீழே ஆசிரியர் என்று அச்சாகியிருந்தது. உன் பேருக்குக் கீழே ஒரு வெற்றிடம். "புள்ளைக்கு ஹோட்டல்ல என்ன வேலைன்னு போடணுங்க? சரியாச் சொன்னீங்கன்னா அச்சுக்குக் குடுத்துருவேன்" என்று கேட்டார். நீ தேத்தண்ணித் தட்டோடு கதவருகே நின்றாய். நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, வாசம் வந்துவிடுமோ என்ற பயத்தில் பாதித் திரும்பி உட்கார்ந்து, "ரிசப்ஷன்லங்க. வர்றவங்களுக்கு ரூம் சாவி குடுக்குற வேல" என்றேன். தட்டு உன் கையில் ஆடியது எனக்குக் கேட்டது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்னங்க, பல்லு வலியா?" என்று கேட்டார். "ஆமாங்க, ரெண்டு நாளா" என்றேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று. உன் அப்பா மூலையில் காது சிவந்து, யாரும் எதுவும் கேட்காமலே "நல்ல மழைங்க" என்று மூன்று தரம் சொன்னார்.

அவர் போன பிறகு நீ சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அரிசிப் பெட்டியைத் திறந்து போத்தலை எடுத்து, ஒட்டியிருந்த அரிசியை ஒவ்வொன்றாகத் தட்டி, பிரிஜில் தயிர்ச் சட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினாய். கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னாய்: "நான் செய்ற வேலயச் சொல்ல பெத்தவங்களுக்கே வாய் வரலன்னா, மத்தவங்கள நான் என்னான்னு கேக்கிறது? கார்டு அச்சுக்குப் போறதுக்குள்ள நீங்க உண்மையச் சொல்லுங்க. பொய்யான கார்டோட நான் மணவறைக்கு வர மாட்டேன்." மறுநாள் காலை ரொட்டி சுட்டு வைத்தேன். தொடாமல் போனாய். எட்டு வயதில் காய்ச்சலோடு பள்ளிக்கூடம் போவேன் என்று அடம்பிடித்துப் போனாயே, அதே நடையில் போனாய்.

இனி அந்த மரவாடைக் கதை. நான் ருசி பார்க்கும் அறையில் வேலை செய்தேன் என்று உனக்குத் தெரியும். ஆனால் என் வேலை ருசி பார்ப்பது அல்ல. தண்ணீர் கொதிக்க வைப்பது, தேயிலையைச் சின்னத் தராசில் நிறுத்துப் போடுவது, கோப்பைகளை வரிசையாக வைப்பது, பெக்டரிப் பொறுப்பில் இருந்த டீமேக்கர் ருசி பார்த்துப் போனதும் கழுவுவது, அவ்வளவுதான். கழுவுவதற்கு முன்னால் ஒவ்வொரு கோப்பையிலும் ஒரு வாய் உறிஞ்சிப் பார்ப்பது என் திருட்டுப் பழக்கம். முதலில் விளையாட்டாகத்தான் செய்தேன். பிறகு நாக்கு படித்துக்கொண்டது. எந்த மலைக் கொழுந்து, எந்த இரவு வாடப் போட்டது, எது அடுப்பில் அதிகம் காய்ந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். யாரிடம் சொல்வது? கோப்பை கழுவுகிறவளுக்கு நாக்கு இருக்கிறது என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. நானும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஒரு வாரம் டீமேக்கருக்குக் கடுமையான சளி. ஒன்றும் தெரியாமல்தான் ருசி பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாரம் ஒரு கோப்பையில் மரவாடை. இலேசாக இல்லை, பலகையை நக்கியது போல. ஸ்டோரில் புதுப் பலகை அடித்திருந்தார்கள், அதன்மேல் தேயிலை மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். தேயிலை பக்கத்தில் உள்ள எதையும் உறிஞ்சிக்கொள்ளும். நான் அங்கேயே நின்றேன். சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். திருட்டுத்தனமாகக் குடிக்கிறாயா என்று கேட்பார்கள். வேலை போய்விடும் என்று பயந்தேன். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தேன். மூட்டைகள் கொழும்புக்குப் போய் வாடை என்று திரும்பி வந்தன. ஸ்டோரில் இருந்தவரைப் பழி சொல்லி, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்ட மலைக்கு அனுப்பினார்கள். முழங்கால் வலியோடு இருந்த மனிதர். பலகை அடிக்கச் சொன்னவரும் அவர் அல்ல. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மூட்டைகள் போயே இருக்காது. அவரை வழியில் பார்க்கும்போதெல்லாம் சேலையைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டே போனேன். அவர் செத்த வீட்டுக்கும் போனேன். அங்கேயும் சொல்லவில்லை.

அதனால்தான் உன் வைனை அவ்வளவு அவசரமாகத் துப்பினேன் அம்மாடி. வாயில் பட்டதும் அந்தப் பலகையும் அந்த மனிதரின் முழங்காலும்தான் ஞாபகம் வந்தன. அதே நாளில், அதே வாயால் மறுபடியும் ஒரு பொய் சொன்னேன். அன்றைக்காவது வேலை போகும் என்ற பயம். இன்றைக்கு எனக்கு என்ன பயம்? லயத்து வரிசை வீடுகளில் நாலு பேர் "அவ மக சாராயம் ஊத்துறாளாம்" என்று சொல்வார்கள் என்பதுதானே? அந்த நாலு பேரா வந்து உன் சோதனையை எழுதப் போகிறார்கள்?

திங்கட்கிழமை சம்பந்தியம்மா எனக்குப் போன் எடுத்தார். "பல்லு வலி எப்படிங்க? கராம்பு எண்ணெய் வாங்கி வச்சிருக்கேன், ஆள் வந்தா குடுத்து விடுறேன்" என்றார். எனக்கு உண்மையாகவே பல் வலிக்க ஆரம்பித்துவிட்டது. செவ்வாய்க்கிழமை விடிந்ததும் நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டினேன். உன் அப்பா, "நானும் வரவா?" என்றார். "நீங்க வந்தா மழையப் பத்தித்தான் பேசுவீங்க" என்று விட்டுவிட்டுத் தனியாகப் போனேன். நுவரெலியாவில் பஸ் மாறும்போது உன் ஹோட்டல் இருக்கும் பக்கம் பார்த்தேன். உள்ளே வரவில்லை. வேலையை முடிக்காமல் உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அவர் வீட்டில் உட்கார்ந்ததும் தேத்தண்ணி குடிக்கும் முன்னாலேயே சொல்லிவிட்டேன். "எனக்குப் பல்லு வலி இல்லீங்க. என் மக ரிசப்ஷன்ல இல்ல. ஹோட்டல் சாப்பாட்டு மண்டபத்துல வைன் ஊத்திக் குடுக்குறா. அதுக்குத்தான் படிக்கிறா. அன்னிக்கு நீங்க வந்தப்ப அந்தப் போத்தலு எங்க அரிசிப் பெட்டிக்குள்ள இருந்துச்சு. நான் பொய் சொன்னேன். அவ சொல்லல." சொல்லி முடித்ததும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். இந்தச் சம்பந்தம் இத்தோடு போச்சு என்றே நினைத்தேன்.

அவர் தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கம் நகர்த்தினார். பிறகு, "தெரியுங்க" என்றார். அவர் நாத்தனார் மகன் உங்கள் ஹோட்டல் லாண்டரியில் இருக்கிறானாம். ஒரு மாதத்துக்கு முன்னாலேயே காதில் போட்டுவிட்டான். "பல்லு வலிக்கிறவங்க வாயில அந்த வாசம் வராதுங்க. எனக்குத் தெரியாத வாசமா? கார்ட எடுத்துக்கிட்டு நான் வந்ததே நீங்க சொல்லுவீங்கன்னுதான்" என்றார். தலையை நிமிர்த்த முடியவில்லை எனக்கு. அவரே மறுபடி பேசினார். "எனக்குப் பிடிக்கலங்க. அத மறைக்க மாட்டேன். போத்தலக் கண்டாலே நான் எந்திரிச்சுப் போயிருவேன். ஆனா எம் புருசன் குடிச்சதுக்கு ஒங்க மக என்னா செய்வா? அன்னிக்கு நீங்க பொய் சொன்னப்ப அந்தப் புள்ள மொகத்தப் பாத்தேன். அந்த மொகத்துக்காகத்தான் இன்னும் அச்சுக்குக் குடுக்காம வச்சிருக்கேன்." ஒன்றே ஒன்று கேட்டார். அவர் வீட்டுக்குள் மட்டும் போத்தல் வர வேண்டாம் என்றார். "மத்தது பழகிக்கிறேன். ஒரே நாள்ல ஆகாதுங்க" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கராம்பு எண்ணெய்ப் போத்தலை எடுத்து என் முன்னால் வைத்தார். "வாங்கினது வாங்கியாச்சு, கொண்டு போங்க" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம்.

உனக்கு நான் சொல்ல வேண்டிய புத்திமதி இவ்வளவுதான். அவர் கேட்ட அந்த ஒன்றை நீ மனதார மதிக்க வேண்டும். அது உன் வேலையைக் குறைத்துச் சொன்ன பேச்சு இல்லை. அந்த வீட்டுக்குள் போத்தல் என்ன செய்தது என்று பார்த்தவர் பேச்சு. அவர் பழகிக்கொள்ளுமட்டும் பொறுத்திரு. உன் வேலையை மட்டும் யாருக்காகவும் சுருக்கிச் சொல்லாதே, என்னை மாதிரி. பிள்ளை பிறந்து அது பெரிதாகி ஏதோ ஒரு வேலைக்குப் போகும். எனக்கு வந்த வெட்கம் உனக்கும் வரும். அன்றைக்கு அரிசிப் பெட்டியை நினைத்துக்கொள்.

நேற்று வீடு வந்து சேர்ந்தபோது பின்னேரம் நாலு மணி. உன் அப்பாவைக் கூப்பிட்டு, பிரிஜில் இருந்த மிச்சத்தை எடுத்து நீ விட்டுப் போன கிளாஸிலேயே ஊற்றினேன். இந்தத் தடவை துப்பவில்லை. கண்ணை மூடி, மெதுவாக, உன் சோதனைக்காகவே குடித்தேன். எழுதிக்கொள். முதலில் வருவது இங்கே மரத்தில் நன்றாகப் பழுத்துக் கீழே விழுந்த பேரிக்காய் வாசம். ஓரத்தில் எலுமிச்சைத் தோலை நகத்தால் கீறினால் வருமே, அந்தக் கூர்மை. நடுவில் நெய் உருக்கி இறக்கிய சட்டி. அதற்குப் பிறகு சம்பலுக்குத் தேங்காயை வாட்டுகிற வாசம். கடைசியில்தான் மரம் வருகிறது. என் ஸ்டோர்ப் பலகை இல்லை அது. மழை நின்ற பிறகு விறகுக் கொட்டகைக்குள் போனால் வருமே, காய்ந்த சவுக்குக் கட்டை வாசம், அது. நாக்கில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் போகிறது. விலை குறைந்த போத்தல் என்றாயே, அதுவும் தெரிகிறது, முடிவில் இலேசான கசப்பு இருக்கிறது. ஆனால் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. உன் அப்பாவிடம் கேட்டேன். "சனிக்கிழம ரெண்டு கிளாஸு குடிச்சப்ப எனக்கு ஒரு ருசியும் தெரியல, பயந்தான் தெரிஞ்சுச்சு. இன்னிக்கு நல்லாருக்கு" என்றார்.

சம்பந்தியம்மா கார்டின் மாதிரியை என்னிடமே கொடுத்து அனுப்பினார். "அந்த எடத்த நீங்களே எழுதுங்க" என்றார். இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். உன் பேருக்குக் கீழே, பேனாவால், என் கையால் எழுதியிருக்கிறேன்: 'ஹோட்டலில் வைன் பரிமாறுபவர்'. அதைவிட நல்ல பேர் உங்கள் ஹோட்டலில் இருந்தால் நீ மாற்றிக்கொள். எழுத்துப் பிழை இருந்தால் திருத்து. வேலையை மட்டும் திருத்தாதே.

போத்தல் காலி. சோதனைக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை வா. வேறு ஒன்று கொண்டு வா, இதே விலையில் போதும். அந்த விளிம்பு உடைந்த வெள்ளைக் கோப்பையைக் கழுவி ஜன்னல் ஓரத்தில் வைத்திருக்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகும் நீ படிக்க வேண்டியது இந்த அடுப்படியில்தான், அந்த வீட்டில் இல்லை. இங்கே போத்தல் இனி மேசையின்மேல் இருக்கும். யார் ஆட்டோவில் வந்து இறங்கினாலும் சரி, அரிசிப் பெட்டியில் இனி அரிசி மட்டும்தான்.

ரொட்டி சுட்டுத் தருகிறேன், சாப்பிட்டுவிட்டுப் போ.

உன் அம்மா